பெரியப்பா கொல்லாத பாம்பு

சின்ன வயதில் உங்களை நாலு பேருக்கு முன்னால் அவமானப்படுத்திய பெரியவர் யாராவது இன்னும் உயிரோடு இருக்கிறாரா? இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். என் வயதுக்காரர்கள் பலருக்கு அந்த வாய்ப்புப் போய்விட்டது. பழிவாங்க வைத்திருந்த ஆட்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூட, செத்தவீட்டில் வரிசையில் நின்று ‘நல்ல மனுசன்’ என்று பொய் சொல்லிவிட்டு வருகிறார்கள். எனக்கு அந்த நிலைமை இல்லை. என்னுடைய ஆள் எண்பது வயதில், லண்டன் நோர்பரியில், சீனி வருத்தத்தோடும் முழுப் பல்வரிசையோடும் இருக்கிறார். பல் அவருடையது இல்லை. சிரிப்பு மட்டும் அதே பழைய சிரிப்பு.

அவர் என் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். எங்களுக்கு முன்பே ஜெர்மனி வழியாக லண்டனுக்கு வந்து, பிறகு நாங்கள் வந்து இறங்கியபோது தன் வீட்டு மாடியில் ஓர் அறையை ஒதுக்கித் தந்தவர். அந்த அறையில் நான், அம்மா, அப்பா, ஒரு தையல் மெஷின், கீழே இடமில்லாமல் மேலே ஏற்றப்பட்ட அரிசி மூட்டைகள். ஆகவே நான் அவருக்கு நன்றியோடு இருக்க வேண்டியவள். சிக்கலே அதுதான். நன்றி சொல்ல வேண்டிய ஆள் மீது வைக்கிற வஞ்சம் லேசில் பழுதாகாது. முப்பத்துநாலு வருடம் வைத்துப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பெரியப்பாவுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. பஸ் ஏன் பிந்துகிறது என்பதும் தெரியும், மகாராணி காலையில் என்ன சாப்பிடுகிறார் என்பதும் தெரியும். அப்படி அவர் அறிவித்த உண்மைகளில் ஒன்று, இந்த நாட்டில் பாம்பு இல்லை என்பது. அயர்லாந்தில் பாம்பு இல்லை என்று எங்கோ படித்திருக்கிறார். அது வேறு நாடு. அந்தச் சின்ன வித்தியாசத்தை எல்லாம் அவர் பொருட்படுத்துவதில்லை.

“ஊரில எங்கட வளவுக்கை புடையன் பாம்பு வரும். நான் ஒரு பச்சை மட்டையை எடுத்து ஒரே போடு. இஞ்ச என்ன இருக்கு? புழு!” என்பார்.

எனக்கு அப்போது பதினொரு வயது நடந்துகொண்டிருந்தது. ஆரம்பப் பள்ளியில் கடைசி வருடம். கோடை விடுமுறைக்கு முன்பு, எங்கள் வகுப்பு மிஸ் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி, லண்டனின் தெற்கு ஓரத்தில் வீடுகள் முடிந்து மரங்கள் தொடங்கும் இடத்துக்கு ‘இயற்கை நடை’ என்று கூட்டிப்போனார். கையில் ஆளுக்கொரு தாள். அதில் வாத்து, வண்ணத்துப்பூச்சி, ஓக் இலை என்று படங்கள். கண்டதை எல்லாம் சரி போட வேண்டும். போய் இறங்கிய பத்தாவது நிமிடத்திலேயே நான் எல்லாவற்றுக்கும் சரி போட்டு முடித்துவிட்டேன். அதில் பாதிதான் கண்டவை. இதையும் சொல்லிவிடுகிறேன். என்னைப் பெரிய உத்தமி என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

என்னிடம் ஒரு கமரா இருந்தது. உங்களுக்கு நினைவிருக்கும், அந்த அட்டைப்பெட்டிக் கமரா. மருந்துக்கடையில் தொங்கும். இருபத்தேழு படம் எடுத்துவிட்டுக் கமராவையே கொடுத்துவிட வேண்டும், படம் மட்டும் திரும்பி வரும். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் இருக்கிற பல்லுச் சக்கரத்தைப் பெருவிரலால் ‘கர்ர், கர்ர்’ என்று தள்ள வேண்டும். விரல் நுனியில் கோடு கோடாக அச்சு விழும். அப்பா அந்த நடைக்காகவே வாங்கித் தந்தார். மதியத்துக்குள் இருபத்தாறு முடிந்துவிட்டது. பெரும்பாலும் வாத்துகளின் பின்புறம். சிலதில் என் விரல்.

மற்றவர்கள் சாண்ட்விச் சாப்பிட உட்கார்ந்தபோது நான் குளத்தின் மறுபக்கம் போனேன். என் பெட்டியில் பாணும் கத்தரிக்காய்ப் பொரியலும். மணத்துக்குப் பயந்து தனியாகப் போய்ச் சாப்பிடுகிற பழக்கம் எனக்கு இருந்தது. உங்களில் பாதிப் பேருக்கும் இருந்திருக்கும். பற்றைக்குப் பின்னால் ஏதோ மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. வெட்டிப் போட்ட நாணல் குவியலுக்கு முன் குந்தி இருந்தபடி முதல் வாயை வைக்கும்போது, குவியலில் ஒரு பகுதி மெதுவாக நகர்ந்தது.

பச்சையும் பழுப்பும் கலந்த உடம்பு, என் கைப் பருமன்கூட இல்லை. கழுத்தில் பளிச்சென்று ஒரு மஞ்சள் வளையம், அதற்குப் பின்னால் கறுப்புக் கரை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. நாக்கு வந்து வந்து போனது. நான் அசையவில்லை. பயந்து அசையவில்லையா, மரியாதைக்கு அசையவில்லையா என்று இன்றுவரை தெரியாது. பிறகு கமராவைத் தூக்கினேன். சக்கரம் தள்ள மறந்திருந்தேன். ‘கர்ர், கர்ர்.’ அமத்தினேன். கமராவை இறக்கிப் பார்த்தபோது பாம்பு இல்லை.

மிஸ்ஸிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மிஸ் என்னைவிடத் துள்ளினார். அது புல்லுப் பாம்பு என்றும், யாரையும் ஒன்றும் செய்யாது என்றும், தானே இத்தனை வருடத்தில் இரண்டு தரம்தான் கண்டிருப்பதாகவும் சொன்னார். படம் வந்ததும் வகுப்பின் பின் சுவரில், நீலத் தாள் ஒட்டிய ‘நாங்கள் கண்டவை’ என்ற பகுதியில், நட்டநடுவில் அதைத்தான் ஒட்டுவேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். கீழே என் முழுப்பெயர். அந்தப் பள்ளியில் இரண்டு வருடமாக என் முழுப்பெயரை யாரும் முயன்றுகூடப் பார்த்ததில்லை. அது ஒரு சுவரில் எழுதப்படப் போகிறது.

படங்களை மருந்துக்கடையில் இருந்து எடுத்து வந்தவர் பெரியப்பா. வேலை முடிந்து வரும் வழியில் கடை. நல்ல மனதோடுதான் எடுத்து வந்தார் என்று பெரியம்மா பிறகு சொன்னார். அது ஒரு சனிக்கிழமை. கீழே ஹோலில் கார்பெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் விரிப்பு, அதற்கு மேலே இருபது பேர், நடுவில் ஒரு தட்டு மட்டன் ரோல்ஸ். நான் படி இறங்கி வரும்போது உறை ஏற்கெனவே திறந்திருந்தது. இருபத்தேழாவது படம் பெரியப்பாவின் விரல்களுக்கு நடுவில்.

“இஞ்ச பாருங்கோ எல்லாரும். பிள்ளை பாம்பு பிடிச்சிருக்கு!”

படம் கை மாறிக் கை மாறிப் போனது. நாணல், சேறு, கொஞ்சம் தண்ணீர். நடுவில் பச்சையாக வளைந்து ஒரு கோடு. மங்கல்.

“இதெங்க தலை?” என்றார் ஒருவர்.

“தலை வீட்டை விட்டிட்டு வந்திருக்கும்,” என்றார் இன்னொருவர்.

பெரியப்பா ரோல்ஸை ஒரு கடி கடித்தார். தீர்ப்புச் சொல்வதற்கு முன் எப்போதும் எதையாவது கடிப்பார். “பிள்ளை, இது ஹோஸ் பைப். எங்கட தோட்டத்துக் குழாய் மாதிரி. உனக்குப் பாம்பெண்டா என்னெண்டு தெரியுமே? இந்த நாட்டில பாம்பு இல்லை எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான்?”

“நான் கண்டனான் பெரியப்பா. நாக்கு நீட்டினது.”

“பைப் நாக்கு நீட்டினதாம்!”

இருபது பேரின் சிரிப்பு ஒரு சின்ன ஹோலில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என் அப்பாவும் சிரித்தார். அண்ணனுடைய வீட்டில் அவர் வேறு என்ன செய்வது. அன்று முதல் எனக்கு ‘பைப்’ என்று பெயர். சாப்பிடக் கூப்பிடுவதும் பைப், கதவைத் திறக்கச் சொல்வதும் பைப். பொய் சொல்லும் பிள்ளைகள் எல்லாரும் என் தம்பி தங்கைகள் ஆனார்கள். “பைப்பின்ர ஆக்கள்” என்பார் பெரியப்பா.

இதோடு நின்றிருந்தால் நானும் மறந்திருப்பேன். திங்கட்கிழமை காலையில் பெரியப்பா ஒரு கடித உறையை என் கையில் தந்தார். ஒட்டியிருந்தது. “மிஸ்ஸிட்ட குடு.” நான் சந்தோஷமாகக் கொண்டுபோனேன். மனம் மாறிவிட்டார், பாராட்டி எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். என் தீர்ப்பை நானே பாதுகாப்பாகப் புத்தகத்துக்குள் வைத்து, மழை படாமல் சுமந்துபோன ஆள் நான்.

மிஸ் வாசித்தார். முகம் மாறியது. பெரியப்பாவின் ஆங்கிலம் கச்சேரி ஆங்கிலம், அரசாங்க அலுவலகத்து மனு போல நீளமான வசனங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று மன்னிப்பு. பிள்ளைக்குக் கற்பனை அதிகம் என்றும், பாம்பு என்று எதுவும் இல்லை என்றும், எங்கள் குடும்பம் உண்மை பேசும் குடும்பம் என்றும், இந்தப் பொய்யைத் தயவுசெய்து எந்தப் பதிவிலும் சேர்க்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். மிஸ் என் தோளில் கை வைத்து, கற்பனை நல்ல விஷயம்தான், ஆனால் சுவர் நிஜத்துக்கானது என்றார். அவருடைய குரலில் இருந்த இரக்கத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சுவரின் நட்டநடுவில் ஒரு பையன் எடுத்த அணில் போனது. அணில்கூட முழுதாக இல்லை. பின்பாதி மட்டும்.

என் பழிவாங்கும் வாழ்க்கை அன்று மாலை தொடங்கியது.

தொடக்கம் சரியாக அமையவில்லை. பெரியப்பாவுக்குக் கவுன்சில் கொடுத்த ஒரு தோட்டத் துண்டு இருந்தது. பூசணி, போஞ்சி, வெங்காயத்தாள், ஒரு மூலையில் குப்பை மக்கும் பெரிய குவியல். அங்கே ஒரு நல்ல நீளமான ஹோஸ் பைப் இருந்தது. நான் அதில் ஒரு முழம் வெட்டி, ஒரு நுனியில் மஞ்சள் பெயின்ட் வளையம் போட்டு, அவருடைய சப்பாத்துக்குள் வைத்தேன். காலை விட்டு அலறுவார் என்பது திட்டம். எடுத்துப் பார்த்தார், நல்ல அளவு என்றார், குசினியில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயில் மாட்டிவிட்டார். எங்கிருந்து வந்த துண்டு என்பது மறுநாள் தோட்டத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது. தண்டனையாக ஒவ்வொரு ஞாயிறும் நான் தோட்டத்துக்கு வந்து, வெட்டிய குழாய்க்குப் பதிலாக வாளியில் தண்ணீர் சுமக்க வேண்டும். கோடை விடுமுறை முழுவதும்.

கிழமை நாட்களில் நூலகத்துக்குப் போனேன். வஞ்சத்தைப் போல் படிக்கத் தூண்டுகிற ஆசிரியர் கிடையாது. புல்லுப் பாம்பைப் பற்றி அந்த நூலகத்தில் இருந்த எல்லாவற்றையும் படித்தேன். சூட்டுக்காகக் குப்பைக் குவியலில் முட்டை இடும். கடிக்காது. ஆபத்து என்று கண்டால் மல்லாந்து, வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கப்போட்டுச் செத்தது போல் கிடக்கும். தாங்க முடியாத நாற்றம் விடும். சில நேரம் வாயில் இரத்தம்கூட வரும். தூக்கினாலும் கயிறு போல் தொங்கும். ஆட்கள் விலகி, சத்தம் சந்தடி அடங்கினால் எழுந்து போய்விடும்.

குப்பைக் குவியல் என்ற சொல்லில் என் விரல் நின்றது.

பெரியம்மா என் கட்சி. வெளியில் காட்ட மாட்டார். என் பிறந்தநாளுக்குத் தலகணி உறைக்குள் ஒளித்து ஓர் அட்டைப்பெட்டிக் கமரா தந்தார். “உன்ர பெரியப்பாவுக்குக் காட்டாத. அந்தாள் அதுக்கும் ஒரு பேர் வைக்கும்.” மூன்று ஞாயிறு அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வாளி சுமந்தேன். வயிற்றில் சதுரமாக அச்சு விழுந்தது. நாலாவது ஞாயிறு வெயில் நன்றாக எறித்தது.

பெரியப்பா முள்ளுக் கரண்டி போன்ற அந்தப் பெரிய மண்வாரியால் குவியலைக் கிளறினார். ஆவி வந்தது. இரண்டாவது கிளறலில், ஆவியோடு சேர்ந்து அதுவும் வந்தது. மஞ்சள் வளையம்.

பச்சை மட்டையால் புடையனை ஒரே போடு போட்ட வீரர் “எணேய்!” என்று தன் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு தள்ளுவண்டிக்குள் ஏறி நின்றார். ஏறும்போது மண்வாரி கைநழுவிக் குவியலுக்கு ஆறடி அப்பால் விழுந்தது. பாம்பின் மீது படவே இல்லை. நான் கண்டேன். பாம்பு சீறியது, நெளிந்தது, மல்லாந்தது, வாயைப் பிளந்து நாக்கைத் தொங்கப்போட்டது. வாயோரத்தில் இரத்தம். அழுகின வெங்காயத்தையும் கருவாட்டையும் ஒன்றாக அவித்தது போல ஒரு நாற்றம். புத்தகத்தில் இருந்த வரிசையில், ஒன்றும் விடாமல்.

“செத்துப் போட்டுது,” என்றார் பெரியப்பா. “நான் சாக்காட்டிப் போட்டன்.”

நான் சட்டைக்குள் இருந்து கமராவை எடுத்தேன். அவர் கவனிக்கவில்லை.

தள்ளுவண்டியில் இருந்து இறங்கிக் கிட்டே போய்ப் பார்த்தார். “கழுத்தில அடையாளம் இருக்குப் பிள்ளை. பார், மஞ்சள் பூசின மாதிரி. இது சும்மா பாம்பில்லை.” ஓர் அடி பின்வாங்கினார். “பேப்பர் வாற நேரத்தில நாகதோஷம் பிடிச்சால் என்ன செய்யிறது? எல்லாரும் அழிஞ்சம்.” இந்த நாட்டில் தங்க விடும் அனுமதியைத்தான் எல்லாரும் ‘பேப்பர்’ என்பார்கள்; எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது அப்போது வந்திருக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு நான் விளக்க வேண்டாம். பாம்பைக் கொன்றவன் அதற்குக் கிரியை செய்ய வேண்டும். வெள்ளைத் துணி, பால், செப்புக் காசு, பிறகு தகனம். பெரியப்பா லண்டன் கவுன்சில் தோட்டத்தில் அந்த ஞாயிறு முற்பகலில் அதைச் செய்யத் தொடங்கினார். வெள்ளைக் கைக்குட்டையை விரித்தார். இரண்டு குச்சியால் பாம்பைத் தூக்கி அதில் வைத்தார். கயிறு போலத் தொங்கியது. தேத்தண்ணிக்குக் கொண்டுவந்த பாலைத் தெளித்தார். செப்புக் காசுக்கு இரண்டு பென்ஸ் குற்றி. மகாராணியின் தலை மேலே வரும்படி வைத்தார். நான் ‘கர்ர்’ என்று தள்ளித் தள்ளி எடுத்தேன். ஒரு படம், இரண்டு படம், ஏழு படம். இந்தப் படங்கள் அடுத்த சனிக்கிழமை ஹோலில் கை மாறிப் போகப்போகின்றன. இருபது பேர் சிரிக்கப் போகிறார்கள். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது, இரண்டு பிள்ளை பிறந்திருக்கிறது. ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்தின் சந்தோஷம் தனி.

பெரியப்பா முழங்காலில் இருந்தார். கும்பிட்டார்.

“என்ர ராசா, தெரியாமல் நடந்து போட்டுது. பிள்ளை முந்தியே சொன்னது, கண்டனான் எண்டு. நான்தான் பைப் எண்டு சொல்லி, பள்ளிக்கூடத்துக்கும் கடிதம் குடுத்தனான். பிள்ளை சொன்னது உண்மை. பேப்பர் கையில வருமட்டும் ஒருத்தரும் எங்களைப் பொய்யர் எண்டு சொல்லப்படாது எண்டுதான் அப்பிடிச் செய்தனான். அதுக்காக எங்களைப் போட்டு வாட்டாத ராசா.”

எனக்குக் கேட்க வேண்டிய மன்னிப்பு. கேட்டதோ பாம்பிடம். நான் இரண்டு அடி பின்னால் நிற்கிறேன். திரும்பிப் பார்த்துச் சொல்லியிருந்தால் கமராவை வாளிக்குள் போட்டிருப்பேன். அவர் திரும்பவில்லை. எட்டாவது படம்.

அவர் பாம்பிடம் அப்படிச் சொன்னது ஏன் என்பது இப்போது விளங்குகிறது. ஜெர்மனியில் அவருடைய அகதி விண்ணப்பத்தை விசாரித்த ஓர் அதிகாரி, ஒரு சம்பவம் நடந்த கிழமை நாளை அவர் மாற்றிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, உன் கதை நம்பும்படி இல்லை என்று எழுதிவிட்டார். நடந்தது அத்தனையும் உண்மை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில், நம்ப முடியாத எதுவும் யாருக்கும் நடக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. பாம்புகூட வரக்கூடாது. விளங்குகிறது என்றேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை.

பெரியப்பா காய்ந்த போஞ்சிக் கொடிகளைக் கைக்குட்டையைச் சுற்றி அடுக்கினார். சட்டைப் பையில் இருந்து தீப்பெட்டி வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிரியையின் கடைசிப் பகுதி தகனம். இந்தக் கெட்டிக்காரி, படம் எடுக்கிற குஷியில் அதை யோசிக்கவில்லை.

“பெரியப்பா, அது சாகேல்லை!”

“வாயை மூடு.”

“அது நடிக்குது. உண்மையா. புத்தகத்தில இருக்கு.”

“பாம்பு நடிக்குதாம்! பிணத்துக்குப் பக்கத்தில நிண்டுகொண்டும் புளுகிறாய். உனக்குப் பகிடி விட நேரம் காலம் இல்லையே?”

சற்று முன்தான் ‘பிள்ளை சொன்னது உண்மை’ என்று பாம்பிடம் சொன்ன அதே வாய். தீக்குச்சி முதல் உரசலில் பற்றவில்லை. இரண்டாவதை எடுத்தார். அழுதால் நம்புவாரா? மாட்டார். உண்மை அவரிடம் எடுபடாது என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். ஆகவே என் வாழ்க்கையின் முதல் முழுப் பொய்யைச் சொன்னேன்.

“கொளுத்த முன்னம் பத்தடி தள்ளி நிண்டு, கண்ணை மூடி ஒரு தேவாரம் முழுசாப் பாட வேணுமாம். கோயில் ஐயர் சொன்னவர். இல்லாட்டித் தோஷம் போகாதாம்.”

“ஓமே?” என்றார். ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. தீப்பெட்டியைப் பைக்குள் போட்டார். பத்தடி எண்ணிப் பின்னால் போனார். கண்ணை மூடிப் பாடத் தொடங்கினார். நானும் விலகிப் பூசணிக் கொடிக்குப் பின்னால் குந்தினேன்.

இரண்டாவது வரியில் பாம்பு நாக்கை உள்ளே இழுத்தது. மூன்றாவது வரியில் புரண்டது. தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தது, மகாராணியின் மேல் ஏறி, போஞ்சிக் கொடியைத் தாண்டி, என் கமராவுக்கு நேரே வந்தது. ‘கர்ர்.’ அமத்தினேன். முன்னால் பாம்பு, பின்னால் கைகூப்பிப் பாடும் பெரியப்பா. அது செந்தட்டிப் பற்றைக்குள் போய்விட்டது.

பெரியப்பா பாட்டை முடித்துக் கண்ணைத் திறந்தார். கைக்குட்டை வெறுமை. பாலும் காசும் மட்டும்.

“முருகா,” என்றார்.

மிச்சத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள். சனிக்கிழமை நான் படங்களோடு படி இறங்கி வருவதற்கு முன்பே அவர் கதையை ஆரம்பித்துவிட்டார். செத்த பாம்பு, தேவாரம், உயிர். நான் படங்களை எடுத்து நீட்டினேன். இருபது பேரும் பார்த்தார்கள். தெளிவான படங்கள், மஞ்சள் வளையம் மின்னுகிறது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஒரு அன்ரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“பாத்தியளே! என்ர பெறாமகள், என்ர தம்பியின்ர பிள்ளை, படத்தோட சாட்சி வச்சிருக்கு!”

“அது நடிச்சது,” என்றேன்.

“சும்மா இரு பைப்.”

அப்படியாக என் பழி, அவருக்கு விளம்பரமாகப் போனது. கொஞ்சக் காலம் நோர்பரியில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அவரிடம் திருநீறு போடக் கூட்டி வந்தார்கள். செப்டம்பரில் நான் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பழைய வகுப்பின் சுவரில் வேறு பிள்ளைகளின் படங்கள். பேப்பர் வந்தது, நாங்கள் வேறு வீட்டுக்குப் போனோம், பெரியம்மா போய்ச் சேர்ந்தார், அந்தத் தோட்டத் துண்டு வேறு யாருக்கோ போனது. நான் மட்டும் அந்தப் படங்கள் இருந்த உறையைக் கைவிடவில்லை.

போன மாதம் அவருடைய எண்பதாவது பிறந்தநாள். ஒரு ஹோல் எடுத்துச் செய்தோம். பழைய படங்களைத் திரையில் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. இப்படிப்பட்ட பொறுப்புகளை என்னிடம் கொடுக்கக் கூடாது என்று குடும்பத்துக்கு இன்னும் தெரியவில்லை. முழங்காலில் இருந்து பாம்பைக் கும்பிடும் படத்தைப் போட்டேன். தள்ளுவண்டியின் பக்கத்தில் முகம் வெளிறி நிற்பதைப் போட்டேன். இளம் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு முப்பத்துநாலு வருடம் பிந்தி வந்தது. பரவாயில்லை, வாங்கிக்கொண்டேன். பிறகு கடைசிப் படம்: முன்னால் பாம்பு, பின்னால் பெரியப்பா.

உள்ளங்கை அளவுப் படத்தில் நான் எப்போதும் பாம்பைத்தான் பார்த்திருக்கிறேன். அன்று அது சுவர் அளவுக்கு எழுந்தது. பெரியப்பாவின் முகம் ஒரு கதவளவு. கைகூப்பியிருக்கிறார். வாய் பாடுகிறது. இடது கண் மூடியிருக்கிறது.

வலது கண் திறந்திருக்கிறது. பாம்பு போகும் வழியையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

சீனியில்லாத கேக் ஒரு துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பெரியப்பா, ஒரு கண் திறந்திருக்கு.”

திரையைப் பார்த்தார். கேக்கைக் கடித்தார். “எனக்கு அந்த நாளையில நல்ல பார்வை.”

“அப்ப அது உயிரோட எழும்பிப் போனதைக் கண்டனீங்கள்.”

“கண்டனான்தான்.”

“பிறகேன் அற்புதம் எண்டு இவ்வளவு காலமும் கதை விட்டனீங்கள்?”

“ஐயர் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியாதே? அடுத்த வெள்ளியே கேட்டனான். நீ ஒரு பொய், நான் ஒரு பொய். சரிக்குச் சரி.”

“சரி வராது. கடிதம் இருக்கு.”

மெல்லுவதை நிறுத்தினார். எந்தக் கடிதம் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

“அப்ப பேப்பர் வரேல்லைப் பிள்ளை.”

“ஓம். இப்ப வந்திட்டுதுதானே. எழுதுங்கோ.”

“ஆருக்கு? அந்த மிஸ் இப்ப இருக்கிறாவோ இல்லையோ.”

“எனக்கு.”

சாப்பாட்டு அட்டையின் பின்பக்கத்தில், என் பேனாவால் எழுதினார். அதே கச்சேரி ஆங்கிலம். முதல் தரம் ‘சம்பந்தப்பட்டவர்களுக்கு’ என்று தொடங்கினார். கிழித்தேன். இரண்டாம் தரம் ‘அது பாம்பாக இருந்திருக்கலாம்’ என்று எழுதினார். கிழித்தேன். “இண்டைக்கு என்ர பிறந்தநாள் பிள்ளை,” என்றார். “கை நோகுது.” நான் இன்னோர் அட்டையை எடுத்து நீட்டினேன். மூன்றாவதில் எழுதினார்: என் பெறாமகள் கண்டது பாம்பு, நான் சொன்னது பொய், அவள் சொன்னது உண்மை. கீழே கையெழுத்து. என் முழுப்பெயரை ஓர் எழுத்துப் பிழையும் இல்லாமல் எழுதியிருந்தார்.

வீட்டுக்கு வந்து, அதைக் கண்ணாடி போட்டு வரவேற்பறைச் சுவரின் நட்டநடுவில் மாட்டினேன். பக்கத்தில் மாட்டுவதற்கு அந்த முதல் படத்தை, அந்த இருபத்தேழாவது படத்தை, உறையில் இருந்து எடுத்தேன். கொஞ்சம் பெரிதாக்கலாம் என்று போனில் பிடித்து இரண்டு விரலால் விரித்தேன். நாணல் விரிந்தது. சேறு விரிந்தது. பச்சைக் கோடு விரிந்தது. அதன் நுனியில், நாணலுக்குள் பாதி மறைந்து, ஒரு பித்தளைப் பூண். அதற்குப் பின்னால், குளத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அந்த மோட்டாரின் மூலை.

பாம்பு அங்கே இருந்தது. சத்தியமாக இருந்தது. நான் சக்கரம் தள்ளிய நேரத்தில் ஒரு முழம் இடப்பக்கம் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

படத்தைச் சின்ன அளவிலேயே மாட்டியிருக்கிறேன். அடுத்த மாதம் பெரியப்பா சாப்பிட வருகிறார். மூக்குக் கண்ணாடியை மறக்காமல் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த மூக்குக் கண்ணாடி எங்கே போய் ஒளியப்போகிறது என்று இடம் பார்த்து வைத்துவிட்டேன்.